கேள்வி கேட்பது தொல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆஸ்பத்திரியில் தங்குவோருக்கான சென்ற இதழ்க் கட்டுரையில், "நர்ஸ்களிடம் கேள்வி கேட்டுத் தொல்லை கொடுக்காதீர்கள்" என்று ஒரு வரி இருந்தது. நர்ஸ்களான எங்களுக்காகப் பரிந்துதான் எழுதியிருப்பீர்கள். அந்தப் பரிவு எங்களுக்கு வேண்டாம் ஐயா.

"நீங்கதானே முருகேசன்?" என்று ஊசி போடும் முன் நர்ஸ் கேட்டால், அரைத்தூக்கத்தில் இருப்பவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டுவார். "உங்க பேரைச் சொல்லுங்க" என்றுதான் கேட்க வேண்டும்; மணிக்கட்டுப் பட்டையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். கட்டில் நம்பரை நம்பி ஊசி போடக்கூடாது, வார்டில் கட்டில் மாற்றுவது அன்றாடம் நடப்பது.

இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு; லேபிளிலேயே அச்சிட்டிருக்கும். சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 25 யூனிட். சர்க்கரை மளமளவென இறங்கும். ராத்திரி என்றால், வியர்த்துக் குழம்பிக் கிடப்பவரை அசந்து தூங்குகிறார் என்று விட்டுவிடுவார்கள். "எந்தக் குப்பி, எந்த சிரிஞ்சு?" என்று பக்கத்தில் இருக்கும் மகள் கேட்டால் அது தொல்லையா?

ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது யூரின் பையை நோயாளியின் வயிற்றின் மேல் வைக்கிறார்கள். பையில் உள்ளது திரும்பச் சிறுநீர்ப்பைக்கே ஓடும், கிருமியும் கூடவே போகும். பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் செருகி வைக்கும் சிறு குழாய்) போட்ட இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, வலித்தாலோ அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது, உடனே கூப்பிட வேண்டும். இதையெல்லாம் சொல்லவேண்டிய இடத்தில் வாயை மூடச் சொல்லிவிட்டீர்கள்.

செப்டம்பர் 17 உலக நோயாளர் பாதுகாப்பு நாள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2019 முதல் உலக சுகாதார நிறுவனம் கடைப்பிடித்து வருகிறது. அந்த வாரம் தாங்கள் வெளியிட்டது, நோயாளியைப் பார்க்கப் போகையில் என்ன பழம் வாங்கலாம் என்ற பக்கம். ராத்திரி டியூட்டியில் ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில் என்று இதுவரை ஒரு வரி எழுதியதுண்டா? பதில் சொல்ல எங்களுக்கு நேரமில்லாமல் போவது ஆள் போதாமல்தான். இதுபற்றி இருமுறை எழுதினேன், இரண்டும் வெளிவரவில்லை. மனம் நோகத்தான் செய்தது.

அடுத்த இதழில் அந்த சிரிஞ்சு மூடி விவரத்தை மட்டுமாவது பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளை என்பதால் நிறம் தெரியாது. அட்டையின் உட்புறம் போட்டால் உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வார்டு செவிலியர்,
தஞ்சாவூர்