பில்லில் ஏறாத வேலை

பினாங்கு
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயும் கடிதமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று படித்ததும் பெரிய நிம்மதி. இரவு மாத்திரையை மட்டும் விடாமல் போடச் சொல். மாமாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

"அங்கே நோயாளியும் கம்மி, சம்பளமும் கூட. அப்புறம் எதற்குப் போனில் அலுத்துக்கொள்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். போனில் சொன்னால் பாதியில் அம்மா வாங்கிப் பேசிவிடுகிறாள். நீயும் நர்ஸ் என்பதால் இதை உனக்குத்தான் விரிவாகச் சொல்ல முடியும்.

நான் வேலை பார்ப்பது தனியார் ஆஸ்பத்திரியின் மெடிக்கல் வார்டு. சுத்தம், வசதி, கருவிகள் எதிலும் குறை சொல்ல முடியாது. இங்கே வருகிறவர்களில் நிறைய பேர் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வருகிறார்கள். விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வெளிநாட்டு நோயாளிகளை வரவழைக்க மலேசிய அரசு 2009-இல் தனியாக ஒரு அமைப்பையே தொடங்கியது. அந்த ஏற்பாட்டில் பினாங்குக்குத்தான் முதல் பங்கு. அதனால் நான் மலாய் கற்றுக்கொள்ளும் முன்பே 'எங்கே வலிக்கிறது, சாப்பிட்டீர்களா, பயப்படாதீர்கள்' என்பதை இந்தோனேசியக்காரர் பேசுகிற விதத்தில் கற்றுக்கொண்டேன். உள்ளூர்த் தமிழ் நோயாளிகள் "மிஸ்ஸி, கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிடும்போது மட்டும் ஊரில் இருப்பதுபோல இருக்கும்.

இங்கே ஒரு டிரெஸ்ஸிங் செய்தால் பஞ்சு, காஸ் துணி, கையுறை, டேப் என்று ஒவ்வொன்றையும் கணினியில் அந்த நோயாளியின் பெயரில் ஏற்ற வேண்டும். நரம்பில் மருந்து ஏற்றப் போடும் கானுலாவுக்கு முதல் முறை நரம்பு கிடைக்காவிட்டால் இரண்டாவது கானுலாவும் ஏற வேண்டும். மாதக் கடைசியில் இருப்பு எண்ணும்போது ஒன்று குறைந்தாலும் வார்டுப் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர் கூப்பிட்டு விளக்கம் கேட்பார். அதே வார்டில் பக்கவாதம் வந்த பெரியவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறோம். விழுங்க முடியாமல் தவிக்கிறவருக்குக் கரண்டி கரண்டியாகக் கஞ்சி கொடுக்கிறோம். நாளைக்கு ஆஞ்சியோகிராம் என்று பயந்து கிடக்கிற அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறோம். இவை எல்லாம் சேர்ந்து பில்லில் ஒரே வரி. பத்து நிமிடம் செய்தாலும் ஒரு மணி நேரம் செய்தாலும் அந்த வரியில் அதே தொகைதான்.

ஆள் குறைவான இரவு டூட்டியில் எந்த வேலை காத்திருக்கும் என்று உனக்கே தெரியும். பில்லில் ஏறுகிற வேலையைத் தள்ளிப்போட்டால் மறுநாளே கேள்வி வரும். புரட்டிப் படுக்க வைப்பதைத் தள்ளிப்போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், முதுகில் புண் வரும் வரைக்கும். எங்கள் வார்டில் கல்மனசுக்காரி ஒருத்திகூட இல்லை. ஆனால் எதை எண்ணுகிறார்களோ அந்தப் பக்கம்தான் கை முதலில் போகிறது. நான் அலுத்துக்கொள்வது இதைத்தான்.

ஏன் இப்படி என்று சட்டங்களைத் தேடிப் படித்தேன். தனியார் மருத்துவ நிலையங்களுக்கென்று மலேசியாவில் 1998-இல் ஒரு சட்டம் வந்தது. அதன் விதிமுறைகள் 2006-இல் நடைமுறைக்கு வந்தன. டாக்டர் எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதற்கு அதில் அட்டவணை போட்டு வரம்பு வைத்திருக்கிறார்கள். அறை வாடகை, பஞ்சு, ஊசி, கருவிகள் என்று ஆஸ்பத்திரி போடும் கட்டணத்துக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. அப்படியென்றால் ஆஸ்பத்திரிக்கு வருமானம் பெருக இடமிருப்பது எங்கே? நாங்கள் கணினியில் ஏற்றுகிற அந்தப் பொருள்களில்தான். பாதி நேரம் ஸ்டோர் கீப்பர் வேலை பார்க்கிறோமே என்று எனக்கு வந்த கோபம், இதைப் படித்த பிறகு சிஸ்டர் மேலிருந்து விலகி அந்த அட்டவணை பக்கம் திரும்பிவிட்டது.

அதே சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவும் உண்டு. உயிருக்கு ஆபத்தாக யார் வந்தாலும், பணம் இருக்கிறதா என்று பார்க்காமல், உயிர் காக்கும் முதல் சிகிச்சையைத் தர எந்தத் தனியார் நிலையமும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். முன்பணம் கட்டவில்லை என்று கவுண்டரில் யாராவது தயங்கினால், அந்தப் பிரிவு தெரிந்த நர்ஸ் தைரியமாக ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளலாம். தெரியாதவள் மேலே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அடுத்து இன்ஷூரன்ஸ். காலை ரவுண்டில் டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிடுவார். ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து பணத்துக்குப் பொறுப்பேற்கிற கடிதம் வர வேண்டும். இங்கே எல்லாரும் அதை ஜி.எல். என்பார்கள். அது மதியம் வரும், சில நாள் சாயங்காலம் வரும். நோயாளி உடை மாற்றிக்கொண்டு, பையைக் கட்டி வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். கீழே அவசரப் பிரிவில் இன்னொருவர் அந்தக் கட்டிலுக்காகக் காத்திருப்பார். இரண்டு பேரின் கோபமும் எங்கள் மேல்தான் இறங்கும்.

அந்தக் கடிதம் வருவதும் வராததும் நாங்கள் எழுதும் குறிப்பையும் பொறுத்தது. 'நோயாளி நலமாக இருக்கிறார், நன்றாகத் தூங்கினார்' என்று நாம் பழக்கத்தில் எழுதுவோமே, அதைப் படிக்கிற கம்பெனிக்காரர் 'அப்படியானால் எதற்கு அட்மிட் செய்தீர்கள்?' என்று கேட்பார். இரவு எத்தனை மணிக்குக் காய்ச்சல் ஏறியது, எத்தனை முறை வாந்தி, மருந்து எப்போது நரம்பில் போனது என்று நேரத்தோடு எழுத வேண்டியிருக்கிறது. முதலில் இது எரிச்சலாக இருந்தது. ஆனால் நேரத்தோடு எழுதப் பழகியதால் அடுத்த ஷிப்டுக்கும் நல்லதுதான், அதையும் சொல்ல வேண்டும்.

2024 கடைசியில் இங்கே மருத்துவ இன்ஷூரன்ஸ் பிரீமியம் தாறுமாறாக ஏறப்போகிறது என்று ஊரே கொதித்தது. இந்த நாட்டின் ரிசர்வ் வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பச் சொன்னது. அப்படியும் பாலிசியை விட்டவர்கள் உண்டு. முன்பெல்லாம் "இந்த டெஸ்ட் வலிக்குமா?" என்று கேட்டவர்கள் இப்போது "இது கவர் ஆகுமா, மிஸ்ஸி?" என்று கேட்கிறார்கள். ஒரு அம்மா ஸ்கேன் எடுக்காமலே கடிதம் வாங்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

அரசு ஆஸ்பத்திரி எப்படி என்று கேட்பாய். அங்கே ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் ஒரு தோழி எனக்கு இங்கே சொந்தம் மாதிரி. பட்டர்வர்த் பக்கம் வீடு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு என்னை அழைத்துப்போனதும் அவள்தான். அங்கே மலேசியக் குடிமக்கள் வெளிநோயாளியாகப் போனால் 1 ரிங்கிட், ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க 5 ரிங்கிட், மூன்றாம் வகுப்பு வார்டில் ஒரு நாளைக்கு 3 ரிங்கிட். அவளுக்குப் பஞ்சை எண்ணுகிற வேலை இல்லை. ஆனால் கூட்டம் நம் ஊர் மாதிரியே. 2024-இல் அரசு நர்சுகளின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 ஆக்குவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிவைத்தார்கள். "மூணு மணி நேரம்தானேன்னு சொல்றாங்க. அந்த மூணு மணி நேரத்துக்குப் பயந்துதான் என் கூட வேலை செஞ்சவ சிங்கப்பூர் போறா" என்றாள் தோழி. கூடப் படித்தவர்கள் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போக, அவர்கள் விட்ட இடத்தையும் சேர்த்து இவள் பார்க்கிறாள்.

அந்த 1 ரிங்கிட் நம் ஆட்களுக்குக் கிடையாது, அக்கா. 2014-இல் வந்த கட்டண ஆணைப்படி வெளிநாட்டவர் சிகிச்சையின் முழுச் செலவையும் கட்ட வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு 2011 முதல் மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம், ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. வேலை பர்மிட் இல்லாதவர்கள் நிலைமை இன்னும் மோசம். ஆவணம் இல்லாமல் வருகிறவர்களைப் பற்றி மருத்துவ ஊழியர்கள் தகவல் கொடுக்க வேண்டும் என்று 2001-இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை ஒன்று வந்தது. அந்தப் பயத்தில் பிரசவ வலி முற்றிய பிறகுதான் வருகிறார்கள் என்று தோழி சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது. நர்ஸைப் பார்த்து நோயாளி பயப்படும்படி ஒரு காகிதம் செய்யக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஒரு விஷயம் சொல்கிறேன், இது உனக்குப் பிடிக்கும். ராமநாதபுரம் பக்கத்துப் பையன், சாப்பாட்டுக்கடையில் வேலை. காலில் கொதிக்கிற எண்ணெய் கொட்டி எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தான். தமிழ் தெரியும் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். கூட வந்தவர் "ரூமில் சமைக்கும்போது கொட்டிக்கிட்டான்" என்றார். பையன் வாயே திறக்கவில்லை. அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, காயத்தைக் கழுவிக்கொண்டே, எங்கே, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் என்று மெதுவாகக் கேட்டேன். கடை அடுப்படியில், மதிய நேரக் கூட்டத்தில். அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே, நேரம் போட்டு எழுதினேன். வேலையிடத்தில் அடிபடும் வெளிநாட்டுத் தொழிலாளிக்குச் சிகிச்சைச் செலவைத் தருகிற, பெர்கேசோ என்ற அரசு சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் திட்டம் 2019 ஜனவரியிலிருந்து உண்டு. 'ரூமில்' என்று எழுதியிருந்தால் அந்தக் கதவு அடைபட்டிருக்கும். பின்னால் அவனுடைய கோரிக்கைக்கு அந்தக் குறிப்புதான் ஆதாரமாக நின்றது. காயத்தைக் கழுவியது எவ்வளவு நர்சிங்கோ, அந்த இரண்டு வரியும் அவ்வளவு நர்சிங்.

இதையெல்லாம் யோசிக்கும்போது உன் ஆரம்ப சுகாதார நிலையம்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு நிலையத்துக்கு மூன்று நர்ஸ், மூன்று ஷிப்ட், 24 மணி நேரமும் பிரசவம் என்று கோட்டையில் எடுத்த முடிவு, நம் பக்கத்துக் கிராமங்களில் எத்தனை தாய்மாரைக் காப்பாற்றியிருக்கிறது! இரவு இரண்டு மணிக்கு ஆட்டோவில் வருகிறவளுக்குக் கதவு திறக்க நீ இருக்கிறாய். மருந்து கேட்டால் மருத்துவப் பணிகள் கழகத்திலிருந்து வந்த மருந்து இருக்கிறது, பில் இல்லை. பில் இல்லாத இடத்தில் நர்ஸ் எப்படி வேலை செய்ய முடியும் என்று இங்கே உள்ளவர்களுக்கு உன்னை வைத்துத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த நல்ல திட்டத்தை 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சுமக்க வைத்தார்களே, அதை எப்படி மன்னிப்பது? 2015-இல் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதிச் சேர்ந்தபோது இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று சொன்னதை நம்பித்தானே நீ பேறுகால விடுப்புக்குக்கூட யோசித்தாய்? நோயாளிக்கு எல்லாம் இலவசம் என்றால் அந்தச் செலவில் ஒரு பங்கை நீயும் உன் கூட உள்ளவர்களும் கையிலிருந்து போட்டிருக்கிறீர்கள்.

என் நிலைமையிலும் ஒரு முடிச்சு உண்டு. இங்கே நர்சுகளுக்கு 1950-ஆம் ஆண்டுச் சட்டம், அதன் கீழ் நர்சிங் வாரியம். உள்ளூர் நர்சுகள் ஆண்டுதோறும் பயிற்சிப் புள்ளிகள் சேர்த்து உரிமத்தைப் புதுப்பிக்கிறார்கள். எங்களுக்குத் தற்காலிக உரிமம்தான், வேலை பாஸும் இந்த ஒரு ஆஸ்பத்திரியோடு கட்டியது. வார்டு மீட்டிங்கில் "இந்த இரவு ஆள் போதாது" என்று உள்ளூர்க்காரி சொன்னால் அது கருத்து. நான் சொன்னால், அடுத்த வருடம் புதுப்பிப்பார்களா என்ற எண்ணம் கூடவே வருகிறது. ஆனாலும் சொல்கிறேன். புரட்டிப் படுக்க வைத்த நேரத்தையும் சார்ட்டில் தனியாக எழுத இடம் வேண்டும் என்று கேட்டேன், சிஸ்டர் மேட்ரனிடம் கொண்டுபோயிருக்கிறார். பில்லில் ஏறாவிட்டாலும் சார்ட்டிலாவது ஏறட்டும்.

சித்தி மகள் இங்கே வர ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். வரட்டும், தடுக்காதே. ஆனால் முன்பணம் கேட்கிற ஏஜென்டிடம் மட்டும் போக வேண்டாம். மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு நர்சுகளை அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று 2015-இல் இந்திய அரசு விதி கொண்டுவந்தது. சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே விசாரிக்கட்டும். நர்சிங் கவுன்சில் பதிவு காலாவதியாகியிருந்தால் இப்போதே புதுப்பிக்கச் சொல். நேர்காணலில் சம்பளத்தைக் கேட்கும் முன், இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி, பாஸ் செலவு யாருடையது, ஒப்பந்தத்தை நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், இந்த மூன்றையும் கேட்கட்டும். ஒப்பந்தத் தாள் கைக்கு வந்ததும் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல். நான் படித்துப் பதில் போட்ட பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.

அன்புடன்,
உன் தங்கை