அந்த எச்டி2 போல்டர் உங்கிட்ட இருக்கா மாப்ள?

மாப்ள,

எப்படிடா இருக்க? தங்கச்சி, பசங்க எல்லாரும் சௌக்கியமா? ரெண்டு வருஷமா உனக்கு ஒரு வரி எழுதலை, பொங்கலுக்கு நீ அனுப்புன வாழ்த்துக்குக்கூட ஒரு கட்டைவிரலைப் போட்டுட்டு விட்டுட்டேன், அது உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு, இப்ப அவங்களே ஊசில நூல் கோக்குறாங்க. ஒல்லி வீடு கட்டி முடிச்சிட்டான், கிரகப்பிரவேசத்துக்கு நீ வரலன்னு இன்னும் திட்டுறான், அதை நீயே பேசித் தீத்துக்கோ.

விஷயம் என்னன்னா, என் பழைய எச்டிசி போன், அந்த எச்டி2 கெடச்சிருச்சுடா!

பரண் மேல, பழைய ரசீதெல்லாம் போட்டு வெச்ச தகர டப்பாவுக்குள்ள, துண்டுல சுத்தின மாதிரியே இருந்துச்சு. பேட்டரி ஊதிப்போய் பின்மூடியைத் தள்ளிக்கிட்டு இருந்துச்சு, அதைக் கழட்டிட்டு ரிச்சி ஸ்ட்ரீட்ல வேற ஒண்ணு தேடி வாங்கிப் போட்டேன். 1230 எம்ஏஎச்தான். ஆனா பாரு, நகத்தால நெம்புனா மூடி வருது, பேட்டரியை மாத்துறதுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை, கடைக்காரன் கைல குடுக்க வேண்டிய அவசியமே இல்ல. அரைமணி நேரம் சார்ஜ் போட்டு பவரை அமுக்குனேன், கைல அந்தப் பழைய அதிர்வு வந்துச்சு பாரு, எனக்கு மேன்ஷன் மொட்டைமாடியே கண்ணு முன்னாடி வந்துருச்சு.

பர்மா பஜார்ல அதை செகண்ட் ஹேண்டுல வாங்குன அன்னைக்கு ரூமே கூடிருச்சே, ஞாபகம் இருக்கா? 4.3 இன்ச், "இது என்னடா செங்கல்லு, காதுல வெச்சுப் பேசவா தலைக்கு வெச்சுப் படுக்கவா"ன்னு கேட்டவன் நீதான். இன்னைக்கு உன் கைல இருக்கிறது ஆறரை இன்ச்சுக்கு கொறையாது, அதை வசதியா மறந்துட்டிருப்ப. அந்த நேரத்துல ஐபோன் 3ஜிஎஸ் 3.5 இன்ச், 320க்கு 480 பிக்சல்தான், நம்மளுது 480க்கு 800, ஸ்னாப்டிராகன் சிப்பு 1 கிகாஹெர்ட்ஸ், இவ்வளவையும் வெச்சுக்கிட்டு தடிமன் 11 மில்லிமீட்டர்தான். அதுக்கு முந்தின வருஷம் எச்டிசிகாரங்களே விட்ட டச் எச்டி அழுத்துனாத்தான் கேக்கும், மேல் படலம் அமுங்கி கீழ்ப்படலத்தைத் தொடணும், அதுக்கு நகமோ குச்சியோதான் வசதி. இதுல விரல் கண்ணாடிய சும்மா தொட்டா போதும், தொட்ட எடத்துல மின்னூட்டம் மாறுறதை வெச்சே புரிஞ்சுக்கும், மைக்ரோசாப்டோட விண்டோஸ் மொபைல் ஓஎஸ்ல அப்படி வந்த மொத போன் இதான். ரெண்டு விரலை விரிச்சு பேப்பர் செய்தியைப் பெருசாக்கிக் காட்டுனப்போ மெஸ் அண்ணன் கரண்டியோட வந்து நின்னாரே!

அப்புறம் அந்த மழை. வெதர் ஆப்ல மழைன்னு வந்தா ஸ்கிரீன் முழுக்க தண்ணி சொட்டும், ஒரு வைப்பர் வந்து தொடச்சிட்டுப் போகும். சித்திரை வெயில்ல சென்னைல மழைக்கு எங்க போறதுன்னு நீ லண்டனைச் சேத்து வெச்சுக்கிட்டு, டெய்லி காலைல பல்லு வெளக்காம லண்டன்ல மழையான்னு பாத்த ஆளு.

ஆனா எனக்கு அந்த போன் மேல பைத்தியம் பிடிச்சது இதெல்லாத்துக்கும் அப்புறம்தான். தமிழ் தெரியாதேடா அதுல. கட்டம் கட்டமா வரும். ஆப்பரா மினி பிரௌசர்ல போயி காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்டுக்கு பிட்மேப் பாண்டுன்னு ஒரு செட்டிங்கை மாத்துனா அவங்க சர்வர் எழுத்தைப் படமா வரைஞ்சு அனுப்பும், அதை வெச்சுத்தான் படிச்சோம். அதுக்குள்ள விண்டோஸ் போன் 7 வருதுன்னாங்க, அது ஓடுற போனோட முன்பக்கத்துல மூணு பட்டன்தான் இருக்கணும்னு சட்டம், நம்மளுதுல அஞ்சு, அப்கிரேடு கெடையாதுன்னு ஆயிருச்சு. வாங்கி கொஞ்ச நாள்லயே பழசுன்னு சொன்னா வயிறு எரியாதா?

அப்பத்தான நீ அந்த எஸ்டி கார்டோட வந்த. விண்டோஸுக்குள்ள போயி மொதல்ல க்ளர்கேட், அப்புறம் ஹாரெட்னு ரெண்டு குட்டி புரோகிராமை வரிசையா ஓட்டுனா விண்டோஸ் அப்படியே ஒதுங்கிக்கிட்டு, ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமான லினக்ஸ் கர்னல் எழுந்திருக்கும், கருப்பு ஸ்கிரீன்ல எழுத்தா ஓடி ஓடி கடைசில ஆண்ட்ராய்டு! கூகுளோட நெக்ஸஸ் ஒன்ல இருந்ததும் இதே சிப்புதான், அதையும் செஞ்சது எச்டிசிதான், அதுக்கான கர்னல் சோர்ஸ் வெளிய இருந்ததாலதான் முகம் தெரியாத பசங்க ராத்திரி ராத்திரியா உக்காந்து இதுக்குப் பொருத்த முடிஞ்சுது. 2011 ஜனவரில டிஎஃப்டின்னு ஒரு ஹேக்கர் டீம் அந்த விண்டோஸ் போன் 7ஐயே இதுல ஓட வெச்சுட்டாங்க, அஞ்சு பட்டனோட! அப்புறம் உபுண்டு, மீகோன்னு வேற லினக்ஸ் ஓஎஸ், ஒவ்வொரு ஆண்ட்ராய்டா வந்து 2016ல வந்த நௌகட் வரைக்கும் யாரோ ஒருத்தர் போட்டுப் பாத்துட்டாங்க. 2009ல வந்த போன்டா அது.

ஒரு ராத்திரி புது ரோம் ஒண்ணு, அதான் போன்ல ஏத்துற முழு ஓஎஸ், போட்டுட்டு பிரௌசரைத் தொறந்தேன், தமிழ் நேரா தெரிஞ்சுச்சு. கொம்பு கொம்பு எடத்துல, கால் கால் எடத்துல. உன்னைத் தட்டி எழுப்பிக் காட்டுனேன், நீ அரைத்தூக்கத்துல "அதே கண்ணாடிதானடா"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்ட. அதே கண்ணாடிதான். அதே சிப்பு, அதே ராம். மொதல் நாள்ல இருந்தே அதுக்கு அந்தத் தெம்பு இருந்திருக்கு.

இது ஏன் இப்ப இவ்வளவு ஞாபகம் வருதுன்னா, நான் பரண்ல ஏறுனதே அம்மாவுக்காகத்தான். அவங்க போன் 2018ல வாங்கினது. ஸ்கிரீன்ல ஒரு கீறல் இல்ல, சார்ஜ் சாயங்காலம் வரைக்கும் நிக்குது. போன மாசம் பேங்க் ஆப் தொறக்க மாட்டேங்குது, ஆண்ட்ராய்டு பழசாயிருச்சு இனி ஓடாதுன்னு வருது. பணம் அனுப்பக் கத்துக்கிட எவ்வளவு பயந்தாங்க தெரியுமா, மொத தடவை பூக்காரம்மாவுக்கு இருபது ரூபா அனுப்பிட்டு, போச்சா போச்சான்னு மூணு வாட்டி கேட்டாங்க. இப்ப எங்கிட்ட வந்து, "நான் எதையும் தப்பா அமுக்கிட்டேனா, போன்ல என்னடா ரிப்பேர்"னு கேக்குறாங்க. ரிப்பேர் ஒண்ணும் இல்லம்மான்னேன். அப்புறம் ஏன் ஓடலன்னாங்க. என்ன சொல்றதுன்னு தெரியலடா எனக்கு.

அதுக்கு லினேஜ் ஓஎஸ்னு ஆர்வலர்கள் செய்யுற ஆண்ட்ராய்டு கெடைக்குது, போன் எழுந்திருக்கிறப்ப ஓஎஸ்ஸை ஏத்துற பூட்லோடரோட பூட்டைத் தொறந்து நானே போட்டுருவேன், புது ஆண்ட்ராய்டு ஓடும். ஆனா பூட்லோடர் தொறந்திருக்குன்னு தெரிஞ்சா நெறைய பேங்க் ஆப் உள்ளயே விடாது. போடாட்டி பழசு, போட்டா சந்தேகம். பாதுகாப்பு வேணும்தான், ஊரான் காசு, நான் அதைத் தப்பு சொல்லலை. ஆனா நல்லா இருக்கிற சாமானை எடுத்துக் குப்பைல போடச் சொல்றதுக்கு மனசு ஒப்பலடா, அதுவும் எச்டி2ல அவ்வளவு பாத்ததுக்கப்புறம்.

சரி, உன்கிட்ட கேக்க வேண்டியது இதுதான். எச்டி2 ஆன் ஆகுது, மேக்எல்டிஆர்னு அந்த பூட்லோடரோட மெனு வரைக்கும் வந்து நிக்குது, உள்ள ஓஎஸ் எதுவும் இல்ல. தங்கச்சி கல்யாணத்துக்கு மொத நாள் துடைச்சிட்டு புதுசு போடலாம்னு வெச்சேன், அப்புறம் தொடவே இல்ல. இப்ப ரோம் தேடுனா பழைய லிங்க்ல பாதி செத்துக் கெடக்கு, பைலெல்லாம் போட்டு வெச்ச மெகாஅப்லோடு சைட்டு 2012லயே போச்சு, மத்ததும் ஒண்ணொண்ணா காணாமப் போயிருச்சு. அக்கா பொண்ணு கம்ப்யூட்டர் சயின்ஸ் சேந்திருக்கா, ஒரு போன் உள்ள எப்படி எழுந்திருக்குதுன்னு அவளுக்கு இதை வெச்சுக் காட்டணும், விண்டோஸ் ஒதுங்கி லினக்ஸ் வர்றதை அவ கண்ணால பாக்கணும்.

உன்னோட 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், பச்சை உறை போட்டது, அதுல "சாப்ட்வேர்"னு ஒரு போல்டர், அதுக்குள்ள "லியோ"ன்னு இருக்கும், எச்டி2வோட உள்பேரு அதான், நீதான் அப்படி வெச்ச. ஒரிஜினல் விண்டோஸ் ரோம், ஹாரெட் எல்லாம் அதுலதான் இருக்கு. டிஸ்க் சுத்தும்போது டக் டக்னு சத்தம் வந்தா உடனே புடுங்கிரு, திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்காத. வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதான, அன்னைக்கே தேடிப் பாத்துட்டு எந்நேரம் ஆனாலும் கூப்பிடு.

அம்மாவுக்கு இன்னும் புது போன் வாங்கலை. பூக்காரம்மாவுக்கு சில்லறையாத்தான் குடுத்துக்கிட்டு இருக்காங்க.

உன்
மச்சான்