ஆறாம் நம்பர் கிளவுஸ்

எலே மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆச்சு. இங்கே மழை விடவே இல்லை, குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சுத்திக்கிட்டு நிற்கிறது, அதோடு நைட் டூட்டியும் சேர்ந்துகொண்டதால் உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. சர்ஜரி பயிற்சிக்கு எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் வர வேண்டும், வந்தவர்கள் ஓடிப்போகக் கூடாது என்று உன் ஆஸ்பத்திரியில் ஒரு குழு போட்டிருக்கிறார்கள், அதற்காக, இங்கிலாந்து ராயல் சர்ஜன்கள் கல்லூரிக்கு வக்கீல் ஹெலினா கென்னடி 2021-இல் கொடுத்த அறிக்கையை நீ படித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி, நம்ம ஊரில் எப்படி என்று கேட்டிருந்தாய்.

நம்ம ஊரில் சீட்டுக்குச் சட்டம் இருக்கிறது. மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 69 சதவீத இடஒதுக்கீடு உனக்கே தெரியும். அகில இந்திய ஒதுக்கீட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் 2021-இல் வந்தது. பிஎச்சியில் (ஆரம்ப சுகாதார நிலையத்தில்) வேலை பார்க்கும் டாக்டர்களுக்கு இடம் ஒதுக்க 2020-இல் சுப்ரீம் கோர்ட் வழிவிட்ட பிறகு அரசுக் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டு முதுகலை இடங்களில் பாதியை அவர்களுக்கு ஒதுக்கினார்கள். சரி, உள்ளே வந்தாச்சு. அப்புறம், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு அப்பெண்டிக்ஸ் வந்தால் கத்தி யார் கைக்குப் போகிறது? அதற்கு எந்த அரசாணையும் கிடையாது. அது என்னை மாதிரி பயிற்சி கொடுக்கும் சர்ஜன்களின் கையில் இருக்கிறது.

நான் எம்.எஸ். படித்த இடம் (பேர் வேண்டாம்) ஞாபகம் இருக்கா? முதல் நாள் பேர் கேட்பார்கள், அடுத்து ஊர், அதற்கடுத்து 'ஊர்ல எந்தத் தெரு?' தெருவைச் சொன்னால் போதும், மூணு வருஷத்துக்கு யார் கத்தி பிடிப்பான், யார் காயத்தை விரித்துப் பிடிக்கும் ரிட்ராக்டரோடு நிற்பான் என்பது பாதி முடிவாகிவிடும். நான் அப்படி யாரையும் கேட்டதில்லை என்றுதான் இருபது வருஷமாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

எங்கள் யூனிட்டில் முக்கூடல் பக்கத்துப் பெண் ஒருத்தி, முதல் வருஷம். கேஸ் பிரசன்டேஷனில் இங்கிலீஷ் தட்டும், பசங்க சிரிப்பார்கள். ஆனால் வார்டில் பார்க்கணும் நீ. 'எங்கன வலிக்கு ஆச்சி, குத்தலா கடுப்பா?' என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் ரெண்டே நிமிஷத்தில் முழுக் கதையும் வந்துவிடும். தியேட்டரில்தான் அவளை நான் கவனிக்கவே இல்லை. டேபிள் அவளுக்கு உயரம், ஸ்டூல் போட்டு ஏறி நிற்பாள். அவள் கைக்கு ஆறாம் நம்பர் கிளவுஸ்தான் சரி, எங்கள் ஸ்டோரில் இருப்பது ஏழும் ஏழரையும். ஏழைப் போட்டால் விரல் நுனியில் ரப்பர் மடிந்து தொங்கும், நூலைப் பிடித்தால் வழுக்கும். முடிச்சு மெதுவாக விழும், நான் 'கொஞ்சம் தள்ளிக்கம்மா' என்று பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிடுவேன். நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் டூட்டி ரூமில் வெறும் கையோடு மேஜை டிராயர் கைப்பிடியில் நூல் கட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். அந்த வேகத்தை நான் எந்த பிஜி (முதுகலை) மாணவரிடமும் பார்த்ததில்லை, நூல் போவது தெரியவில்லை, முடிச்சு மட்டும் வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். 'அம்மாகூட பீடி சுத்துவேன் சார். சொளவை மடியில வச்சு, எலை வெட்டி, தூள் வச்சுச் சுருட்டி, நூல் கட்டணும். ஆயிரத்துக்குத்தான கூலி, கை நிக்கக் கூடாதுல்லா' என்றாள். எனக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது மாப்ள.

அன்றைக்கே மூணு வருஷத்து லாக்புக்கை எல்லாம் எடுத்து வைத்து, தானே செய்தது எத்தனை, துணைக்கு நின்றது எத்தனை என்று ஆள் ஆளாக எண்ணினேன். எண்ணிக்கையை உனக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. அடிமட்டத்தில் இருந்தது ரெண்டு பெண்களும், பிஎச்சியிலிருந்து வந்த ஒருவரும். அவருக்கு நாற்பதை நெருங்கும் வயசு, தன்னைவிடப் பத்து வயசு சின்னவனிடம் 'சீனியர், நான் போடட்டுமா' என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். நானும் யாரிடமும் தெருவைக் கேட்கவில்லைதான்.

இப்போது நோயாளியை யார் அட்மிட் பண்ணி, பரிசோதனை எல்லாம் பார்த்து ஒர்க்-அப் பண்ணினார்களோ அவர்களுக்கே கத்தி. போர்டில் எழுதிப் போட்டுவிட்டேன். முணுமுணுப்பு இருக்கிறது, இருக்கட்டும். கிளவுஸ் கேட்டு ஸ்டோருக்கு அனுப்பும் இன்டென்டில் ஆறும் ஆறரையும் சேர்க்கச் சொன்னதற்கு ஸ்டோரில் 'ஒரு ஆளுக்காகவா டாக்டர்?' என்றார்கள். தியேட்டர் சிஸ்டர்தான் சண்டை போட்டு ஒரு பெட்டி வரவழைத்தார். லேப்ராஸ்கோப்பி (சிறு துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன்) ஸ்டேப்ளரின் கைப்பிடியை மட்டும் ஒன்றும் பண்ண முடியவில்லை, பெரிய கைக்கென்றே செய்த சாமான், அவள் ரெண்டு கையாலும்தான் அமுக்குகிறாள்.

பிரசவ விடுப்பு பற்றிக் கேட்டிருந்தாய். விதியில் உண்டு. ஆனால் எடுத்த மாதங்களுக்குப் பயிற்சி நீளும், கூடப் படித்தவர்களோடு பரீட்சை எழுத முடியாமலும் போகும். அதனால் பிள்ளையைத் தள்ளிப்போடுகிறார்கள், இல்லையென்றால் சர்ஜரியே வேண்டாம் என்று கண், தோல் என்று போகிறார்கள். இதற்கு என்னிடம் வழி இல்லை, உங்கள் குழுவில் ஏதாவது வழி கண்டால் எழுது.

ஒரு உதவி. ரெண்டாம் வருஷத்தில் இடக்கைப் பையன் ஒருவன் இருக்கிறான், 'பீச்சாங்கை' என்று கேலி பண்ணியே அவனை வலக்கைக்கு மாற்றப் பார்க்கிறார்கள். தையல் ஊசியைப் பிடிக்கும் நம்ம நீடில் ஹோல்டரின் பூட்டு வலது கட்டைவிரலுக்கென்றே செய்தது, இடக்கையில் பிடித்தால் திறக்காமல் மல்லுக்கட்டுகிறது. பொங்கலுக்கு வரும்போது இடக்கை நீடில் ஹோல்டர் ஒன்று வாங்கி வா, காசை இங்கே தருகிறேன்.

உன் பழைய ரூம்மேட்