முடக்கு வாதம்: கிளினிக் போகிறவர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். கைவிரலும் மணிக்கட்டும் வீங்கி, காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் விரல் மடங்காமல் இருந்தால், பனிக்குளிர் என்று விட்டுவிடாதீர்கள்; அது முடக்கு வாதம் என்ற மூட்டு நோயாக இருக்கலாம். பிரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து மலைக்கு ஏறிய பிறகும் கொழுந்து கிள்ள விரல் கூடாமல் நிற்கிற அக்காமார் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள். தைலமும் வலிக் குளிசையுமாக மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் மூட்டு தேய்ந்துவிடும், பிறகு திரும்ப வராது.

ஐரோப்பிய வாதநோய் நிபுணர்களின் அமைப்பான யூலார் சொல்வது: மூட்டு வீங்கியவரை 6 வாரத்துக்குள் நிபுணர் பார்க்க வேண்டும், நோய் நீடிக்கும் போலிருந்தால் 3 மாதத்துக்குள் நோயைக் கட்டுப்படுத்தும் மருந்து தொடங்க வேண்டும். மருந்து தொடங்கி 3 மாதத்தில் குணம் தெரியாவிட்டால் சிகிச்சையை மாற்ற வேண்டும். ஆகவே தோட்ட டிஸ்பென்சரியிலோ பக்கத்து அரச ஆஸ்பத்திரியிலோ காட்டி, நிபுணர் கிளினிக்குக் கடிதம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அப்புறம், நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துகளில் ஒன்றான மெத்தோட்ரெக்சேட். தயவுசெய்து கவனியுங்கள்: முடக்கு வாதத்துக்கு இது வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கிளினிக் கொப்பி அட்டையில் அந்த நாளின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்குப் பிள்ளைகள் எடுத்துக் கொடுங்கள். இரத்தப் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம். பிள்ளை பெற நினைப்பவர்கள் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

கடிதம் கிடைக்காதவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி போடுங்கள், கூட வருகிறேன்.