அனுமதி எண் கொடுத்த பிறகு: பல்கலைக்கழக அறநெறிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறநெறிக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். மனிதர்களைப் பங்கேற்பாளர்களாகக் கொண்ட ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் பொறுப்பு உங்களுடையது. முனைவர் பட்ட மாணவர்களுக்கு நெறியாளராக இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அறநெறிப் பரிசீலனையே ஆய்வுக்கு முட்டுக்கட்டை என்று முறையிடும் மடல் அன்று இது. அத்தகைய மடல்கள் உங்களுக்கு நிறையவே வந்திருக்கும். என் குறை அதற்கு நேர் எதிரானது. உங்கள் பரிசீலனை விண்ணப்பத் தாளோடு நின்றுவிடுகிறது, பங்கேற்பாளர் வரை வந்து சேர்வதில்லை என்பதே அது.

விண்ணப்பங்கள் எப்படித் தயாராகின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முந்தைய ஆண்டு அனுமதி பெற்ற ஒருவரின் கோப்பை வாங்கித் தலைப்பையும் பங்கேற்பாளர் எண்ணிக்கையையும் மாற்றிவிட்டு, ‘இவ்வாய்வினால் எவ்விதத் தீங்கும் நேராது’ என்ற வரியை அப்படியே விட்டுவைப்பதுதான் பல துறைகளில் வழக்கம். குழு சில திருத்தங்களைச் சொல்லி ஓர் அனுமதி எண்ணைத் தருகிறது. அந்த எண் ஆய்வேட்டின் முன்பக்கங்களில் ஏறிவிடுகிறது. அதன்பின் எத்தனை பேர் ஆய்விலிருந்து பாதியில் விலகினார்கள், ஏன் விலகினார்கள், யாராவது புகார் சொன்னார்களா என்று கேட்பார் இல்லை.

குழு ஒன்று கூடிப் பரிசீலித்துவிட்டாலே பங்கேற்பாளருக்குப் பாதுகாப்பு வந்துவிடும் என்பதற்கு வரலாறு சான்று சொல்லவில்லை. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களிடம் சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் குறித்த ஆய்வு நடந்தது. அவர்களில் 399 பேருக்கு அந்நோய் இருந்தது. பெனிசிலின் அதற்குரிய மருந்தாக நிலைபெற்ற பிறகும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. இந்தக் கொடுமையை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதே ஆய்வை 1969இல் ஒரு நிபுணர் குழு கூடி விவாதித்து, தொடரலாம் என்றே முடிவு செய்தது என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அந்தக் கூட்டத்தில் அறிவுக்குக் குறைவில்லை. அந்த 600 பேரில் ஒருவரும் அங்கே இல்லை என்பதுதான் குறை. மூன்று ஆண்டுகள் கழித்துச் செய்தி நாளிதழ்களில் வெளியான பிறகே ஆய்வு நின்றது. அதைத் தொடர்ந்துதான் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழுக்களைக் கோரிய அமெரிக்கத் தேசிய ஆய்வுச் சட்டம் 1974இலும், மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்கான அறநெறிகளை வகுத்த பெல்மான்ட் அறிக்கை 1979இலும் வந்தன. நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலிகளின் பூர்வகதை இதில் அடங்கியிருக்கிறது. ஆகவே, பல்கலைக்கழகத்தோடு சம்பள உறவோ பட்ட உறவோ இல்லாத வெளியார் உறுப்பினர் பெயரளவுக்கு ஒருவராக இல்லாமல், மறுத்துப் பேசும் துணிவு வரும் அளவுக்கேனும் எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். குறிப்பிட்ட சமூகத்தாரையோ நோயாளரையோ பற்றிய முன்மொழிவு வரும்போது, அவர்களுள் ஒருவரை அழைத்துக் கருத்துக் கேட்பதும் கடினமான காரியமன்று.

இனி, ஒப்புதல் பெறும் நேரத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் மிக எளிதாகக் கிடைக்கும் பங்கேற்பாளர்கள் எங்கள் மாணவர்களே. ஆசிரியர் வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருக்கையில் வினாப்படிவத்தை விநியோகிக்கிறார். ‘விருப்பம் இருந்தால் மட்டும் நிரப்புங்கள்’ என்றும் சொல்கிறார். சொல்லிவிட்டு மேசையருகிலேயே நிற்கிறார்; நிரப்பிய தாள்களைத் தம் கையாலேயே வாங்குகிறார். அகமதிப்பீட்டு மதிப்பெண் போடும் கை அது என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். வெற்றுத் தாளைக் கொடுக்க எந்த மாணவருக்குத் துணிவு வரும்? தன் விருப்பத்தின் பேரில் அளிக்கும் ஒப்புதல் முற்றிலும் இன்றியமையாதது என்று நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பில் பிறந்த 1947ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் நெறிகள் முதல் விதியாகவே வைத்தன. வற்புறுத்தலின் எந்த வடிவமும் கூடாது என்பதும் அதே விதியில் உண்டு. எங்கள் வகுப்பறை வற்புறுத்தலில் மிரட்டல் இல்லை, உரத்த குரல்கூட இல்லை. அதனால்தான் அது உங்கள் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் அகப்படுவதில்லை. தம்மிடம் பயிலும் மாணவரிடம் ஆசிரியரே ஒப்புதல் பெறக் கூடாது, யார் பங்கேற்றார் யார் மறுத்தார் என்பது மதிப்பெண் இறுதியாகும் வரை அவருக்குத் தெரியவும் கூடாது என்று ஒரு விதி எழுதுங்கள். எங்களில் பலருக்கு அது பிடிக்காது, இருந்தாலும் எழுதுங்கள்.

ஒப்புதல் படிவத்தின் மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நான்கு பக்கச் சட்ட நடையில் இருக்கும் படிவம் காப்பது நிறுவனத்தையே. ஒரு பக்கத்துக்குள் அடங்காததையும், வாய்விட்டுப் படித்தால் கேட்பவருக்கு விளங்காததையும் திருப்பி அனுப்புங்கள்.

அந்தப் படிவம் தரும் வாக்குறுதிகளோ சுருக்கமாகச் சொல்லி முடிக்கக் கூடியவையல்ல. ‘உங்கள் அடையாளம் வெளியாகாது’ என்று எழுதிக் கொடுக்கும் ஆய்வாளருக்கு அதைக் காக்கும் அதிகாரம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். வட அயர்லாந்து ஆயுத மோதலில் பங்கெடுத்தவர்களை அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியின் வாய்மொழி வரலாற்றுத் திட்டம், 2001ஆம் ஆண்டு தொடங்கி, அவர்கள் இறக்கும் வரை ஒலிப்பதிவுகள் வெளிவரா என்ற உறுதியின் பேரில் பேச வைத்தது. 2011இல் பிரிட்டன் காவல்துறைக்காக, அந்தப் பதிவுகளை ஒப்படைக்கக் கோரி அமெரிக்க அரசு கல்லூரிக்கு அழைப்பாணை அனுப்பியது. வழக்குகளுக்குப் பின் பதிவுகள் சில காவல்துறையின் கைக்குப் போயின. நம்பிப் பேசியவர்களுக்குச் சட்டத்தின் எல்லை எதுவென்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹவாசுபாய் பழங்குடியினரிடம் 1990 முதல் இரத்த மாதிரிகளை வாங்கியபோது, அது நீரிழிவு ஆய்வுக்கு என்றே அம்மக்கள் எண்ணினார்கள். அதே மாதிரிகள் மனச்சிதைவு பற்றியும் அவர்கள் மூதாதையரின் இடப்பெயர்வு பற்றியும் ஆராயப் பயன்பட்டதைப் பின்னரே அறிந்து வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் 7,00,000 டாலர் இழப்பீட்டோடு மாதிரிகளும் திருப்பித் தரப்பட்டன. உறையவைத்த இரத்தத்துக்குப் பொருந்துவது வன்தட்டில் கிடக்கும் நேர்காணல் கோப்புக்கும் பொருந்தும்: எந்தக் கேள்விக்காகப் பெற்றோமோ அதைத் தாண்டினால் மறுபடியும் கேட்க வேண்டும்.

பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்ற நம்பிக்கையையும் நீங்கள் கேள்விக்குள்ளாக்க வேண்டும். ‘ப-14, பெண், 58 வயது, இயற்பியல் துறைப் பேராசிரியர்’ என்று ஆய்வேட்டில் ஒரு மேற்கோளின் கீழே இருந்தால், அத்துறையில் பெண் பேராசிரியர் ஒருவரே என்னும் நிலையில் குறியீட்டு எண்ணால் என்ன பயன்? துணைவேந்தரைப் பற்றி அவர் சொன்ன கடுஞ்சொல் அந்த மேற்கோளில் இருந்தால், பட்டம் ஆய்வாளருக்கு, விளைவு அவருக்கு.

இவ்வளவையும் செய்ய உறுப்பினர்களுக்கு நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெயர் குறிப்பிடாத, எவரையும் புண்படுத்தாத எளிய கருத்துக்கணிப்புகளை மாதக்கணக்கில் காக்கவைப்பதை நிறுத்தி, அவற்றுக்கு ஓர் உறுப்பினரே பார்த்து முடிக்கும் விரைவு வழியை ஏற்படுத்தினால், மிச்சமாகும் நேரத்தை ஆபத்துள்ள ஆய்வுகளுக்குக் கொடுக்கலாம். அனுமதி பெற்ற ஆய்வுகளில் சிலவற்றையாவது ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் தேர்ந்து, குழு உறுப்பினர் ஒருவர் ஒப்புதல் பெறும் இடத்துக்கே சென்று பார்க்கட்டும். படிவத்தில் புகாருக்கென அச்சிடும் தொலைபேசி எண் ஆய்வாளருடையதாகவோ அவருடைய நெறியாளருடையதாகவோ இல்லாமல் குழு அலுவலகத்தினுடையதாக இருக்கட்டும். அதை எடுத்துப் பேச ஓர் ஆள் இருக்கட்டும். விலகியோர் எண்ணிக்கையும் வந்த புகார்களும் குழுவின் ஆண்டறிக்கையில் வெளியாகட்டும். அந்தப் பத்தி ஆண்டுதோறும் ‘எதுவுமில்லை’ என்றே வந்தால், அதையே விசாரிக்க வேண்டிய செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வரும் கல்வியாண்டின் முதல் கூட்டத்திலேயே மாணவர்களிடம் ஒப்புதல் பெறுவது பற்றிய விதியை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு நிதியும் ஆளும் வேண்டியிருக்கலாம். இதற்கு ஒரு தீர்மானம் போதும்.

இப்படிக்கு,
ஆய்வு நெறியாளர் ஒருவர்