ஊர் தாராவி, தாராபுரம் இல்லை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

தின்பண்டப் பாக்கெட்டில் சேர்மானங்களுக்கு 471, 631 என்று நம்பர் போட்டிருக்கிறதே, முஸ்லிம்கள் சாப்பிடலாமா என்று ஒரு சகோதரி கேட்டதற்கு, சென்ற இதழில் "சைவம் என்கிற பச்சைப் புள்ளி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள், மற்றதெல்லாம் வாட்ஸப் புரளி" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். தாராவியில் 18 வருஷமாக பேக்கரி நடத்துகிற எனக்கு அப்படிக் கண்ணை மூட முடியவில்லை.

471 என்றாலே பன்றிக்கொழுப்பு என்று பரப்புகிறவர்களோடு நானும் சண்டை போடுகிறவன்தான். அது பாமாயிலிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். பச்சைப் புள்ளி இருந்தால் அந்தக் கவலை இல்லை, சரி. வெனிலா எசென்ஸில் ஆல்கஹால் இருந்தாலும் அதே புள்ளிதானே? அப்புறம், பிள்ளைகள் கேட்கிற ஜெல்லி மிட்டாயில் அசைவம் என்கிற பழுப்பு முக்கோணம் இருக்கும், உள்ளே ஜெலட்டின். மாடா, பன்றியா, மாடே என்றாலும் முறையாக அறுத்ததா? முக்கோணம் வாயைத் திறக்காது. ஒருநாள் பாக்கெட்டில் இருந்த நம்பருக்கு போன் போட்டு 20 நிமிஷம் பாட்டுக் கேட்டேன், கடைசியில் வந்த பெண் "எல்லாம் பின்னால போட்டிருக்கு சார்" என்று வைத்துவிட்டார்.

2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், நம்பர் மட்டும் போதாது, தாவரமா விலங்கா என்றும் எழுதுங்கள் என்றது. வழக்குப் போட்டது நாங்கள்கூட இல்லை, பசுப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று. உங்களுக்குத் தெரியாததா!

எங்க வாப்பா இங்கே தோல் பதனிடும் கூடத்தில் வேலை பார்த்தவர். சுண்ணாம்பில் ஊறிய தோலைச் சுரண்டி நறுக்கும்போது விழுகிற துண்டுகள் பசைக்கும் ஜெலட்டினுக்கும் மூட்டை மூட்டையாகப் போகும். அந்தத் தோல் வேறு பொருளாகவே மாறிவிட்டால் சாப்பிட ஆகும் என்கிற ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) உண்டு, ஆகாது என்கிறவர்களும் உண்டு. அவர்களே இழுத்துப் பறித்துப் பேசுகிற விஷயத்தை உங்கள் ஆள் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

போன ரமலான் இதழில் "கடல்பாசி கிடைக்காவிட்டால் ஜெலட்டின் போடலாம்" என்று நோன்புக்குச் சமையல் குறிப்புக் கொடுத்தவர்களும் நீங்கள்தானே? கடலில் விளைகிறதும் எலும்பைக் காய்ச்சி எடுக்கிறதும் உங்களுக்கு ஒன்று. அதற்கு எழுதிய கடிதம் வரவே இல்லை. அதற்கு முன் எழுதியதைப் பாதியாக வெட்டி, ஊரைத் தாராபுரம் ஆக்கினீர்கள்.

அடுத்த இதழில் 2 வரி திருத்தம் போட்டால் போதும். ஊரை மட்டும் தாராவி என்றே போடவும்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
தாராவி, மும்பை