நெட்வொர்க் செய்முறைக்கு இரண்டு கணினிகள் வேண்டும்

ஆசிரியருக்கு,

டெல்டா மாவட்டக் கல்லூரிகளின் கணினி ஆய்வகங்களைப் புதுப்பிப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். புதிய கணினிகள் வரட்டும். ஆனால் நெட்வொர்க் பாடத்தின் செய்முறை மாறாவிட்டால் பயன் குறைவே. சேவை தரும் நிரலான சர்வர், அதைக் கேட்டுப் பெறும் நிரலான கிளையன்ட் இரண்டையும் ஒரே கணினியில், அந்தக் கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியில் இயக்கிக் காட்டியதும் பதிவேட்டில் கையெழுத்து விழுந்துவிடுகிறது. கல்லணையில் மதகு திறந்ததைப் பார்த்துவிட்டு, கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுதி வைப்பதற்குச் சமம் இது.

அதே நிரல்களை இரண்டு கணினிகளில் பிரித்து இயக்கச் சொன்னால் பல நின்றுவிடுவதை ஆய்வகத்தில் ஆண்டுதோறும் காண்கிறேன். சர்வர் 127.0.0.1-இல் மட்டும் காத்திருந்தால் அடுத்த கணினியால் இணைய முடியாது, கணினியின் எல்லா முகவரிகளிலும் காத்திருக்கும்படி 0.0.0.0 என மாற்ற வேண்டும். இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. கணினிகளுக்கு இடையே தரவைக் கொண்டுசெல்லும் நெறிமுறையான டிசிபி தருவது பைட்டுகளின் தொடர் ஓட்டம். செய்திகளுக்கு இடையே அது வரப்பு கட்டுவதில்லை. லினக்ஸில், கணினிக்குள்ளேயே சுற்றும் பாதையின் பாக்கெட் (ஒரு தரவுப் பொட்டலம்) வரம்பு 65,536 பைட் என்பதால் செய்தி பெரும்பாலும் ஒரே வாசிப்பில் முழுதாகக் கிடைத்துவிடும். கணினிகளைக் கேபிளால் இணைக்கும் ஈதர்நெட்டில் வழக்கமான வரம்பு 1,500 பைட்தான். அதைவிடப் பெரிய செய்தி துண்டு துண்டாக வரும், ஒருமுறை மட்டும் வாசிக்கும் நிரல் பாதியோடு நின்றுவிடும். நீளத்தை முதலில் அனுப்பி, அத்தனை பைட்டும் சேரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும்; பாடத்தின் உயிரே இங்குதான் இருக்கிறது. எனவே செய்முறைத் தேர்வில் இரு கணினிகள், அவற்றை இணைக்க ஒரு 8 போர்ட் சுவிட்ச், நெட்வொர்க்கில் செல்லும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளின் பதிவு ஆகியவற்றைப் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்க வேண்டும். கழித்துக்கட்டவிருக்கும் பழைய கணினிகளே இதற்குப் போதும்.

- கணினி அறிவியல் ஆசிரியர், மன்னார்குடி